சாமை மலையிலேயே அரிசியாகட்டும்

கேளம்பாக்கம் சந்திப்பிலிருந்து வண்டலூர் சாலையில் திரும்பினாலும் கோவளம் சாலையில் திரும்பினாலும் ஏதாவது ஒரு பல்பொருள் அங்காடியில் சாமை அரிசி அரைக்கிலோ, ஒரு கிலோ பொட்டலங்களாக அடுக்கியிருக்கிறது. சர்க்கரை நோய்க்குப் பயந்து வாங்குகிறவர்கள் உண்டு, மருத்துவர் சொல்லி வாங்குகிறவர்கள் உண்டு, யூடியூப் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. பொட்டலத்தின் பின்புறம் எங்கே பொதியப்பட்டது என்ற முகவரி இருக்கும். பெரும்பாலும் அது சமவெளி நகரம் ஒன்றின் முகவரி. எந்த மலையில் விளைந்தது, எந்த ஊரில் உமி நீங்கியது என்ற விவரம் இருப்பதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை. ஆனால் சிறுதானியத்தின் எதிர்காலம் பற்றிப் பேசுவதானால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். ஒரு தானியம் எங்கே அரிசியாகிறது என்பது அதன் விலையை மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த அரவை இயந்திரத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் அடுத்த ஆண்டு எதை விதைக்கும், எதைச் சமைக்கும், யாருடைய உழைப்பு மிச்சமாகும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அரசு அரவை ஆலைகளுக்கு மானியம் கொடுக்கும்போது இயந்திரத்தின் கொள்திறனைப் பார்க்கிறது, வங்கிக் கடனைப் பார்க்கிறது, கட்டட வரைபடத்தைப் பார்க்கிறது. சுற்றியுள்ள ஊர்களைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்பதும், அப்படிப் பார்த்தால் சாமைக்கான ஆலை மலையூர்களிலேயே, சிறிய அளவில், அந்த ஊர்ப் பெண்களின் கையில் இருக்க வேண்டியிருக்கும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

சிறுதானியம் என்று ஒரே பெயரில் நாம் அழைப்பவை உண்மையில் இரண்டு வகை. கம்பு, சோளம், கேழ்வரகு ஆகியவற்றைக் கதிரடித்துத் தூற்றினால் தானியம் கைக்கு வந்துவிடும்; கேழ்வரகை நேராக மாவு மில்லுக்குக் கொண்டுபோகலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு அப்படியல்ல. நெல்லைப் போல இவற்றுக்கும் உமி உண்டு. அதுவும் தானியத்தை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் உமி. நெல்மணியோடு ஒப்பிட்டால் சாமை மணி எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நெல் அரைக்கும் ஹல்லரில் அதைப் போட்டால் பாதி நொய்யாகிவிடும், மீதி உமியோடே வெளியே வரும். களத்தில் கலந்த சிறுகல்லும் சாமையும் ஒரே அளவில் இருப்பதால் சல்லடை மட்டும் போதாது. எடை வேறுபாட்டை வைத்துக் கல்லைப் பிரிக்கும் தனி இயந்திரம் வேண்டும். ஆக, கல் நீக்கி, அளவு பிரித்து, உமி உடைத்து, உமியைக் காற்றில் ஊதித் தள்ளி, உடையாமல் தப்பியதை மறுபடி இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தால்தான் சாமை அரிசியாகும். நூறு கிலோ சாமை போட்டால் அறுபது, எழுபது கிலோ அரிசி தேறும். இந்த ஒரு வேறுபாடு சிறுதானியக் கொள்கையையே இரண்டாகப் பிரித்திருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் கம்பும் சோளமும் கேழ்வரகும் இருக்கின்றன, சாமை இல்லை. 2023-ஆம் ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடை வழியாக அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ சிறுதானியம் தரத் தமிழக அரசு முன்வந்தபோது தேர்ந்தெடுத்ததும் கேழ்வரகைத்தான். அந்தத் தேர்வில் தவறில்லை. கேழ்வரகைக் கொள்முதல் செய்து அப்படியே கொடுத்துவிடலாம். சாமையை அப்படிக் கொடுத்தால் வாங்கியவர் என்ன செய்வார்?

கொல்லிமலையில் அந்தக் கேள்விக்கு விடை நெடுங்காலம் உரலும் உலக்கையுமாக இருந்தது. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் வரும் அந்த மேட்டுநிலத்தில், வளப்பூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் அன்றாட உணவாக இருந்தன. சாமையில் மட்டுமே கட்டவெட்டிச் சாமை, திரிகுலச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று பல நாட்டு ரகங்கள் அங்கே உண்டு. மண்ணுக்கும் சரிவுக்கும் மழைக்கும் ஏற்றபடி ஒவ்வொன்றும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் வயலில் எளிதாக விளைந்த இந்தத் தானியம் வீட்டில் எளிதாகச் சோறாகவில்லை. குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி ஒரு குடும்பத்துக்கான சோறாக்க மணிக்கணக்கில் ஆகும். வயல் வேலையும் தண்ணீர் எடுப்பதும் விறகும் போக மிஞ்சிய நேரத்தில் அந்த வேலை முழுவதும் பெண்களின் தலையில். மலையில் சாமைப் பரப்பு குறைந்த கதையை ஆராய்ந்தவர்கள் கூறும் காரணங்களுள் குச்சிக்கிழங்கு வந்தது, ரேஷன் அரிசி வந்தது, இளைஞர் வெளியூர் வேலைக்குப் போனது ஆகியவற்றோடு இந்தக் குத்துவேலையும் சேர்த்தே சொல்லப்படுகிறது. மற்ற காரணங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், இதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். பேசுகிறவர்களில் உலக்கை பிடித்தவர்கள் குறைவு என்பதாலோ என்னவோ.

குச்சிக்கிழங்கின் கதையையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். சேலம், நாமக்கல் பகுதிச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்குக் கிழங்கு ஓயாமல் வேண்டும். 1981-இல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அந்தத் தொழிலுக்கு நிலையான சந்தையாக அமைந்தது. இந்த ஆலைகள் இருப்பது மலைக்குக் கீழே. அவற்றின் பிடி இருப்பது மலைச்சரிவில். வியாபாரி லாரியோடு வயலுக்கே வருகிறார், எடை போடுகிறார், பணம் தருகிறார். வீட்டில் யாரும் எதையும் குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம். சாமைக்கோ விதைத்தவர் வீட்டிலேயே அடுத்த பாதி வேலை காத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, பணத்தின் மீதுள்ள ஆசையால் மலைமக்கள் பயிரை மாற்றிவிட்டார்கள் என்று சொல்வது பாதி உண்மை. ஒரு பயிருக்கு ஆலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, இன்னொன்றுக்கு ஆலையே இல்லை என்பது மறுபாதி. சரிவான நிலத்தில் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போது மண் பெயர்ந்து மழையில் போகிறது என்பதையும், சாமை பெரும்பாலும் மானாவாரியில் குறைந்த செலவில் விளைவது என்பதையும் கணக்கில் சேர்த்தால், எட்டாத ஆலைக்கு மலை கொடுத்த விலை சாமைச்சோறு மட்டுமில்லை.

இதைக் கண்டுகொண்டு வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். தரமணியில், நம் பழைய மாமல்லபுரம் சாலையின் வடகோடிக்கு அருகிலேயே இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து கொல்லிமலையில் சிறுதானிய ரகங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டது. விதை வங்கியோடும் விழிப்புணர்வோடும் அந்தப் பணி நின்றுவிடவில்லை. ஊர்களில் சிறிய உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைத்து, அரவைக்கூலி வாங்கி நடத்தச் செய்தார்கள். சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட் என்று பொட்டலம் போட்டு விற்கவும் பழக்கினார்கள். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையும் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் சிறிய அளவிலான உமி நீக்கும் இயந்திரங்களை மேம்படுத்துவதில் உழைத்தன. இந்த முயற்சிகளின் பயனை மிகைப்படுத்த வேண்டியதில்லை. இயந்திரம் வந்ததும் கொல்லிமலை முழுதும் சாமைக்குத் திரும்பிவிடவில்லை. கிழங்கும் மிளகும் காபியும் அப்படியே இருக்கின்றன. ஆனால் விதையைக் காக்கும் வேலை அரவையில் போய் முடிந்தது என்பதே ஒரு சான்று. சமைக்க முடியாத தானியத்தின் விதையை எந்தக் குடும்பமும் நெடுநாள் காக்காது என்ற பாடம் அந்த மலையில் பல ஆண்டு வேலைக்குப் பிறகு கிடைத்தது. அதே பாடத்தை ஜவ்வாதுமலையிலும் கல்வராயன்மலையிலும் முதலிலிருந்து படிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆலைக்கும் சுற்றுக் கிராமத்துக்கும் உள்ள உறவை அரசு ஒரு காலத்தில் சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கமும், அதன் செயலாளரான தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும் அரிசி ஆலைகளைக் கடுமையாக எதிர்த்தவர்கள். அரிசியைத் தீட்டுவதால் சத்து போகிறது என்பது ஒரு காரணம். குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் செய்த ஊட்டச்சத்து ஆய்வுகள் அந்த வாதத்துக்கு வலு சேர்த்தன. நெல் குத்திப் பிழைத்த ஏழைப் பெண்களின் கூலி போகிறது என்பது அடுத்த காரணம். அந்தச் சிந்தனையின் சுவடு 1958-ஆம் ஆண்டு அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தில் தெரிகிறது. புது ஆலைக்கு அனுமதி தருமுன் அந்த வட்டாரத்தில் எத்தனை ஆலைகள் இருக்கின்றன, நெல் போதுமா, மின்சாரமும் தண்ணீரும் உண்டா என்பதோடு, அந்த ஆலையால் வட்டாரத்தில் பெரிய அளவில் வேலையிழப்பு நேருமா என்றும் பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். 1997-இல் அது நீக்கப்பட்டது. நீக்கியது சரிதான். உரிமம் என்ற பெயரில் அலுவலகப் படியேற வைத்ததைத் தவிர அது கைக்குத்தலைக் காப்பாற்றவில்லை. ஊர்தோறும் ஹல்லர் வந்தது, உலக்கை பரணுக்குப் போனது. ஆனால் சட்டத்தின் விடை பிழை என்பதற்காக அது கேட்ட கேள்வியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டோம். இன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புகையையும் கழிவுநீரையும் பற்றிக் கேட்கிறது. யாருடைய வேலை, எந்தப் பயிர் என்று கேட்க ஆளில்லை.

குமரப்பாவின் வாதத்தை மலைக்குக் கொண்டுபோனால் அது தலைகீழாகிறது. சமவெளியில் நெல் குத்துவது பல பெண்களுக்குக் கூலி வேலையாக இருந்தது. நிலக்காரர் வீட்டு நெல்லைக் குத்திக் கொடுத்து அரிசியோ நொய்யோ தவிடோ கூலியாக வாங்கி வந்தார்கள். ஆலை வந்தபோது போனது அவர்களுடைய கஞ்சி. கொல்லிமலையில் சாமை குத்துவதற்கு யாரும் யாருக்கும் கூலி தரவில்லை. தன் வீட்டுத் தானியத்தைத் தானே குத்திய பெண்ணுக்கு இயந்திரத்தால் போவது தோள்வலி மட்டும்தான். ஒரே இயந்திரம், ஒரே வேலை. ஆனால் அது ஓர் ஊரில் பிழைப்பைப் பறிக்கிறது, இன்னோர் ஊரில் பொழுதைத் திருப்பித் தருகிறது. ஆகவே ஆலை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஊருக்கு, எந்தத் தானியத்துக்கு, யார் கையில் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். மலையில் அந்த இயந்திரத்தை ஓட்டும் கூலியும், உமியும் குருணையும் விற்றோ ஆட்டுக்கும் கோழிக்கும் போட்டோ வரும் சிறு வருமானமும் முன்பு உலக்கை பிடித்த அதே கைகளுக்கே போக வேண்டும் என்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

சமவெளி ஆலைகளின் போக்கையும் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. மலைக்குப் பெரிய ஆலை போதும் என்பவர்கள் மனத்தில் இருப்பது அந்த மாதிரிதான். கேளம்பாக்கம் அடங்கிய, ஏரிப்பாசனத்துக்குப் பெயர்போன செங்கல்பட்டு மாவட்டத்தில் விவசாயியின் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் ஆலைக்கோ அதன் அரவை முகவர்களின் ஆலைக்கோ போகிறது. நூறு கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. அரசுக்கும் விவசாயிக்கும் ஆலைக்காரருக்கும் இது பழகிப்போன ஏற்பாடு, ஓரளவு ஒழுங்காக நடக்கும் ஏற்பாடும்கூட. இதில் நெல் விளைந்த ஊருக்குத் திரும்பி வருவது பணம் மட்டும்தான். உமியும் தவிடும் ஆலையோடு தங்கிவிடுகின்றன. ஆலை இருக்கும் ஊருக்கு வேறு பங்கு கிடைக்கிறது. ஒரு டன் நெல்லில் ஏறத்தாழ இருநூறு கிலோ உமி. அதைக் கொதிகலனில் எரித்தால் நாற்பது கிலோ அளவுக்குச் சாம்பல், பெரும்பகுதி சிலிக்கா. புழுங்கலுக்கு நெல்லை ஊறவைத்த தண்ணீர் மஞ்சளாகி, புளித்து, நாற்றமெடுத்து வெளியே வருகிறது. சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் தண்ணீரில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். இவற்றைக் கையாளத் தொழில்நுட்பம் உண்டு, பெரிய ஆலைகளில் பல அதைச் செய்யவும் செய்கின்றன. ஆனால் நெல் ஓர் ஊரிலும் சாம்பல் இன்னோர் ஊரிலும் குவியும் ஏற்பாட்டில் விளைவிப்பவர் வேறு, அனுபவிப்பவர் வேறு. (சாமையில் புழுங்கவைத்தல் கட்டாயமில்லை. அந்த வகையில் மலை ஆலைக்குக் கொதிகலனும் வேண்டாம், ஊறல் தொட்டியும் வேண்டாம்.)

கேளம்பாக்கத்தைச் சுற்றிய கிராமங்களின் நெல் வயல்கள் போனதற்கு ஆலை இல்லாமல் போனது காரணமா என்று யாரும் கேட்கலாம். இல்லை. சிறுசேரியில் சிப்காட் வளாகம் வந்தது, தையூரிலும் படூரிலும் புதுப்பாக்கத்திலும் ஏக்கர் போய்ச் சதுர அடி வந்தது. ஊருக்கு ஓர் ஆலை இருந்திருந்தாலும் அந்த நிலம் மனையாகியிருக்கும். ஆலை எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நான் சொல்லவில்லை. நிலத்தின் விலை வேறு எதற்காகவும் ஏறாத இடத்தில், மக்கள் இன்னும் பயிர் செய்து சாப்பிட விரும்பும் இடத்தில், ஆலை தீர்மானிக்கும் சக்தியாகிறது. கொல்லிமலையும் ஜவ்வாதுமலையும் இன்னும் அந்த நிலையில்தான் இருக்கின்றன. அதனால்தான் அங்கே அவசரம்.

எதிர்வாதங்களில் வலுவானது செலவுக் கணக்கு. பெரிய ஆலையில் கிலோவுக்கு அரவைச் செலவு குறைவு, அரிசி சுத்தமாக வரும், உடைசல் குறைவு. மலையில் பத்து இடத்தில் சிறு இயந்திரம் வைப்பதற்குப் பதில் அடிவாரத்தில் ஒன்று வைத்தால் போதாதா என்பார்கள். தமிழக மலைகளில் விளைந்த சாமையில் ஒரு பகுதி மகாராஷ்டிரத்தின் நாசிக் வரை போய் அரிசியாகி இங்கேயே திரும்பி வந்து விற்பனையானதும் இந்தக் கணக்கினால்தான். கேளம்பாக்கத்தில் வாங்குகிறவருக்கு இந்த வாதம் சரி. நமக்கு வேண்டியது கல்லில்லாத, வெள்ளையான, எங்கும் ஒரே அளவான அரிசி. விளைவிக்கிறவருக்கு இது சரிவராது. மூன்றில் ஒரு பங்கு உமியாகப் போகப்போகும் சரக்குக்கு எழுபது வளைவு லாரி வாடகை கொடுத்து, அரிசியை மறுபடி ஏற்றிக் கொண்டுவர மறுவாடகையும் கொடுத்து எந்தக் குடும்பமும் வீட்டுக்குச் சாமை அரைத்துக்கொள்ளாது. மொத்தத்தையும் விற்றுவிட்டு ரேஷன் அரிசி வாங்கும். 2011 முதல் தமிழகத்தில் ரேஷன் அரிசிக்கு விலையும் இல்லை. ஆக, அடிவாரத்து ஆலை சாமையை மலைக்காரர்களின் உணவுப் பட்டியலிலிருந்து எடுத்து நம் உணவுப் பட்டியலில் சேர்க்கும் ஆலை. அது வியாபாரமாக நடக்கட்டும், தடுக்கத் தேவையில்லை. அரசின் சிறுதானிய இயக்கம் என்ற பெயரில் பொதுப்பணம் போவது அதற்கா என்பதுதான் கேள்வி. இன்னொரு இழப்பும் உண்டு. பெரிய ஆலைக்கு மணி எல்லாம் ஒரே அளவில் இருந்தால்தான் வசதி. கட்டவெட்டிச் சாமையும் திரிகுலச் சாமையும் ஒரே மூட்டையில் கலந்து வெறும் சாமையாக உள்ளே போகும். மூட்டையில் பெயர் இல்லாத ரகத்துக்கு விலையில் வேறுபாடும் இல்லை. சில ஆண்டுகளில் விதையிலும் அந்தப் பெயர் மறைந்துவிடும். சல்லடையை மாற்றி மாற்றிப் போட்டு ஐம்பது கிலோவைக்கூடத் தனியாக உடைத்துத் தருவது சிறு இயந்திரத்தால் முடிகிற காரியம்.

அடுத்த எதிர்வாதம் அனுபவத்திலிருந்து வருவது, அதனால் மரியாதைக்குரியது: திறப்பு விழாவோடு நின்றுபோன இயந்திரங்கள். குழுவுக்குக் கொடுத்த இயந்திரம் இரண்டு வருடத்தில் பூட்டிக் கிடக்கிறது, ரப்பர் தேய்ந்து பெல்ட் அறுந்து துருவேறுகிறது என்று அதிகாரிகள் சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் ஏன் பூட்டுகிறார்கள் என்று பார்த்தால் ஊரின் சோம்பலைவிடத் திட்டத்தின் சோம்பலே அதிகம் தெரியும். மும்முனை மின்சாரம் வேண்டிய மோட்டாரை ஒருமுனை இணைப்பு உள்ள ஊரில் இறக்கியிருப்பார்கள். உமி நீக்கும் இயந்திரத்தை மட்டும் கொடுத்துக் கல் நீக்கும் இயந்திரத்தை விட்டிருப்பார்கள். கல் கடிக்கும் அரிசியை ஊர்க்காரரே வாங்க மாட்டார். தூசி வெளியேறக் குழாய் இருக்காது. இருமிக்கொண்டே எத்தனை நாள் ஓட்டுவது? பழுதானால் உதிரிபாகம் கோவையிலிருந்து வர வேண்டும், மெக்கானிக் சேலத்திலிருந்து ஏறி வர வேண்டும். அறுவடை முடிந்த சில மாதம் போக மீதி நாளில் வேலையும் இல்லை. இவை எல்லாம் தீர்க்கக்கூடியவை, தீர்வும் பெரிய செலவில்லை. ஒரே மோட்டாரில் மாவு அரவையும் மிளகாய் அரவையும் சேர்த்தால் ஆண்டு முழுதும் அரவைக்கூலி வரும். ஐ.டி.ஐ. முடித்த மலை இளைஞர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்து ஒரு வட்டாரத்தின் பத்து இயந்திரங்களையும் அவர்கள் பொறுப்பில் விட்டால் பெல்ட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நம் திட்டங்களில் இயந்திரம் வாங்கப் பணம் உண்டு, அதைப் பராமரிக்கப் பணம் இல்லை. 2020-இல் வந்த பிரதமரின் குறு உணவு நிறுவனங்களுக்கான திட்டம்கூட இயந்திரச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் வரை வங்கிக் கடனோடு இணைத்த மானியம் தருகிறது. வங்கிக்கு ஈடு காட்டி, திட்ட அறிக்கை எழுதி, கடன் வாங்கத் தெரிந்தவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அந்த ஆலை எழும். அவர் பெரும்பாலும் சமவெளியில் இருக்கிறார்.

கெட்டுப்போகும் என்ற வாதமும் உண்டு. உமி நீக்கிய சாமையின் தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சில மாதங்களில் சிக்குவாடை அடிக்கும். ஆகவே மலையில் அரைத்தால் சந்தைக்குப் போவதற்குள் பாழாகும், நகரத்துக்கு அருகில் அரைப்பதே அறிவு என்பார்கள். இதையே மறுபக்கம் திருப்பினால் மலை ஆலைக்கு ஆதரவான வாதமாகிறது. உமியோடு இருக்கும் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாது, பூச்சியும் அவ்வளவாக அண்டாது. மழை பொய்த்த ஆண்டுக்கென்று மலைமக்கள் குதிரில் வைத்திருந்ததும் அதனால்தான். பக்கத்தில் ஆலை இருந்தால் வேண்டியபோது வேண்டிய அளவு அரைத்துக்கொள்ளலாம். சந்தைக்கும் ஆர்டர் வந்தபின் அரைத்து அனுப்பலாம். தொலைவில் உள்ள ஆலைதான் மொத்தமாக அரைத்து, மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத் தவிட்டையும் தீட்டி எடுத்து வெள்ளையாக்குகிறது. நார்ச்சத்துக்காகச் சாமை வாங்குகிற கேளம்பாக்கத்துச் சர்க்கரை நோயாளிக்கு நார்ச்சத்து குறைந்த சாமை கிடைப்பது இப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மலைமக்கள் சாமைதான் சாப்பிட வேண்டும் என்று நாம் யார் சொல்வதற்கு என்ற கேள்வி. நியாயமான கேள்வி. பட்டணத்தில் இருந்துகொண்டு பழங்குடியினர் பழையபடியே இருக்கட்டும் என்று விரும்புவது ஒருவகைத் திமிர். கிழங்கு விற்ற பணத்தில் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய குடும்பத்திடம் போய் மண்ணரிப்பைப் பற்றிப் பாடம் நடத்த எனக்கு மனமில்லை. ஆனால் விருப்பம் என்பது இரண்டு வழியும் திறந்திருக்கும்போதுதான் விருப்பம். ஒரு பயிரை வயலிலேயே வாங்கிக்கொண்டு போகிறார்கள். இன்னொரு பயிரைச் சோறாக்க இரண்டு மணிநேரம் உலக்கை பிடிக்க வேண்டும், அல்லது மலை இறங்க வேண்டும். இந்த நிலையில் எடுத்த முடிவை மக்களின் சுதந்திரமான தேர்வு என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது வசதியான பேச்சு. நடந்து போகும் தூரத்தில் ஓர் அரவை இயந்திரம் இருந்து, அதன் பிறகும் அவர்கள் கிழங்கையே விரும்பினால் அந்த முடிவை மதிக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. சிறுதானிய இயக்கத்தில் மலை வட்டாரங்களுக்கென்று ஒதுக்கும் அரவை இயந்திரங்களுக்கு மூன்று நிபந்தனை போதும். பெண்கள் குழுவோ ஊர்க் கூட்டமைப்போ உடைமையாளராக இருக்க வேண்டும். வீட்டுத் தானியம் கொண்டுவருகிறவருக்குக் கூலிக்கு அரைத்துத் தருவதை மறுக்கக் கூடாது. ஐந்தாண்டுப் பராமரிப்புச் செலவும் மின் இணைப்பும் இயந்திர விலையோடு சேர்ந்தே ஒதுக்கப்பட வேண்டும். ஒடிசாவில் 2017-இல் பழங்குடி வட்டாரங்களை முன்வைத்துத் தொடங்கிய சிறுதானியத் திட்டம் கதிரடிக்கும் இயந்திரத்தையும் மாவு இயந்திரத்தையும் மகளிர் குழுக்களுக்குக் கொடுப்பதை முக்கிய அங்கமாக வைத்திருந்தது. அங்கே பெரும்பாலும் கேழ்வரகு என்பதால் வேலை எளிது. இங்கே உமி நீக்குவது என்பதால் கொஞ்சம் கடினம், அவ்வளவுதான். நீலகிரியிலும் தருமபுரியிலும் கேழ்வரகுக்குச் செய்ததைப் போல, கொல்லிமலை ரேஷன் கடைகளிலும் அங்கன்வாடிகளிலும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் மாதம் சில கிலோ சாமை அரிசியை அந்த மலையிலேயே அரைத்து வாங்கலாம். உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றின் சமையலறைக்கு வாரம் ஒருமுறை சாமைச்சோறு என்று முடிவானாலே பக்கத்து ஊர் இயந்திரத்துக்கு ஆண்டு முழுதும் நிச்சயமான வேலை கிடைத்துவிடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது கேளம்பாக்கத்துக்கு வரட்டும். வரும்போது பொட்டலத்தில் அரைத்த ஊரின் பெயரையும் ரகத்தின் பெயரையும் அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்புத் துறை கேட்டால், கொஞ்சம் நிறம் மங்கிய அந்த அரிசிக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்க இந்தப் பழைய மாமல்லபுரம் சாலையில் ஆளில்லாமல் போகாது.